விளக்கா, குடமா?

நல்லூர்,
யாழ்ப்பாணம்.
22.12.2024

அன்புள்ள அகிலனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். கார்த்திகைக் கடைசியில் அடித்த புயல் மழையில் வளவுக்குள் வெள்ளம் ஏறிவிட்டது. இப்போதுதான் வற்றி, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். ஊரெல்லாம் எலிக்காய்ச்சல். செருப்பில்லாமல் சேற்றில் இறங்காதேயுங்கோ என்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் துரத்துவதே எனக்கு வேலையாய் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி? வைத்தியரிடம் காட்டினாவா, இல்லை எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்கிறாவா? நீ கேட்டு எழுது. அவ என்னிடம் உண்மை சொல்லமாட்டா.

நீ போன கிழமை அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "தேர்தல், பாராளுமன்றம், கோடு கச்சேரி எல்லாம் பழைய காலத்துச் சாமான் பெரியம்மா. துணிந்த ஒருத்தன் வந்து, யாரையும் கேட்காமல் ஒரே அடியாய்த் திருத்தினால்தான் உண்டு" என்றாய். கூடவே ஒரு தலைவரின் வீடியோ. அவர் கையை உயர்த்த, கூட்டம் அலறுகிறது. அதை உன் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினாயாம். எனக்குக் கோபம் வந்தது, ராசா. தொலைபேசியில் என்றால் கத்தியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். ஏழு வயதில் நீ இந்த வீட்டை விட்டுப் போகும்வரை மடியில் வைத்து எழுத்துச் சொல்லித் தந்தவள் நான். இதை இடையில் மூடி வைக்காமல் கடைசிவரை வாசி.

உன் சலிப்பில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு பேரும் உழைத்தும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டைத் தக்கவைப்பது எவ்வளவு பாடு என்று உன் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உலகம் முழுக்க இந்த வருஷம் சனங்கள் இதே எரிச்சலோடுதான் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். பிரித்தானியாவில் 14 வருஷம் ஆண்ட கட்சியை எறிந்தார்கள். அமெரிக்காவில் ஆளும் கட்சி தோற்றது. இங்கேயும் பழைய கட்சிகளைச் சனம் வழித்துத் துடைத்துவிட்டது. ஆள்பவர்களை எறிவது சனங்களின் உரிமை, அதற்காகத்தானே வாக்கு. எறிய முடியாத ஒருவரைச் சனங்களே ஆசையோடு கொண்டுவந்து இருத்துவார்களே, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். அப்படி ஒருவர் வந்தால் முதலில் நசுங்குவது யார் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

மேலே திகதி போடும்போதுதான் நினைத்துக்கொண்டேன், இன்றைக்கு டிசெம்பர் 22. 1982ஆம் ஆண்டு இதே நாளில் உன் அம்மாவும் நானும் வாக்குச் சாவடியில் நின்றோம். நீ அவவின் வயிற்றில். பிள்ளைத்தாய்ச்சி என்று எங்களை வரிசையில் முன்னுக்கு விட்டார்கள். சீட்டில் இரண்டே படம்தான், விளக்கும் குடமும். இருக்கிற பாராளுமன்றத்தைத் தேர்தல் வைக்காமல் இன்னும் ஆறு வருஷத்துக்கு நீட்டலாமா என்பது கேள்வி. நீட்டலாம் என்றால் விளக்குக்குப் புள்ளடி, கூடாது என்றால் குடத்துக்கு. 83 கலவரம் உனக்குத் தெரியும், முள்ளிவாய்க்கால் தெரியும். அமைதியாக, சட்டப்படி, வாக்குச் சீட்டு கொடுத்தே செய்த இந்தக் காரியத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

ஜே.ஆர். ஜயவர்த்தனவின் கட்சிக்கு 1977 தேர்தலில் கிடைத்த வாக்கு பாதிக்குச் சற்றுத்தான் மேல். ஆசனமோ 168இல் 140. அந்தப் பலத்தை வைத்து 1978இல் புதிய அரசியலமைப்பு எழுதி, எல்லாருக்கும் மேலே ஒரு ஜனாதிபதியாகத் தன்னை வைத்தார். அதோடு பழைய உயர் நீதிமன்ற நீதியரசர்களின் பதவிகள் இல்லாமல் போயின. சிலருக்குத் திரும்ப நியமனம் கிடைக்கவில்லை. 1980இல் சிறிமாவோ அம்மையாரின் குடியியல் உரிமையை ஏழு வருஷத்துக்குப் பறித்தார்கள். எதிரே நிற்கக்கூடிய பெரிய ஆள் அவர் ஒருவர்தான். தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார் ஜே.ஆர். அடுத்த தேர்தல் விகிதாசாரப்படி நடந்தால் அந்தப் பெரும்பான்மை கரைந்துவிடும் என்று தெரிந்ததும், நக்சலைட் சதி என்று ஒரு கதையைச் சொல்லி, அவசரகாலச் சட்டத்தின் கீழேயே இந்த வாக்கெடுப்பை வைத்தார். எதிர்த்து எழுதிய "அத்த" பத்திரிகையின் அச்சகத்தைப் பூட்டினார்கள். யாழ்ப்பாணம் குடத்துக்கே போட்டது. நாடு முழுக்க எண்ணியபோது நூற்றுக்கு 54 பேர் விளக்கு.

இதன் கணக்கை ஒருக்கால் யோசித்துப் பார். 1977 யூலையில் வாக்களிக்க வயது காணாத 17 வயதுப் பொடியனுக்கு, அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் அவனுக்கு 28 வயது. அந்த வருஷங்களில்தான் வடக்கில் பொடியள் இயக்கங்களுக்குப் போனார்கள், தெற்கில் ஜே.வி.பி.க்குப் போனார்கள். இப்போது ஜனாதிபதியாய் இருக்கிற அநுர குமாரவும் 1987இல் அப்படிப் போன ஒரு மாணவன்தான். தரப்படுத்தல், நூலகத்தை எரித்தது, பொலிஸின் அட்டகாசம் என்று வேறு காரணங்கள் இருந்தன. நான் மறுக்கவில்லை. ஆனாலும் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு, வாக்கால் இனி எதையும் மாற்றலாம் என்று வகுப்பில் நின்று சொல்ல என் வாயில் சொல் இல்லாமல் போனது அந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான். குடியியல் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வாக்கெடுப்புக்கு அடுத்த வருஷம், 1983 யூனில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு பொலிஸ் அதிகாரி அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, அந்த அதிகாரிக்கு உடனே பதவி உயர்வு கொடுத்தார்கள். தீர்ப்பு எழுதிய நீதியரசர்களின் வீட்டு வாசலில் அரச பஸ்ஸில் ஆட்கள் வந்திறங்கிக் கூச்சல் போட்டார்கள். யூலையில் கொழும்பு எரிந்தது. நீதியரசர் வீட்டு வாசலுக்கே காவல் இல்லாத ஊரில் வெள்ளவத்தையிலும் பொரளையிலும் இருந்த எங்கள் சனத்துக்கு என்ன காவல் இருந்திருக்கும்?

இப்போது உன் அம்மப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் கொழும்பில் அரச எழுதுவினைஞராய் இருந்தது உனக்குத் தெரியும். அறுபதுகளில் அவருடைய சம்பள உயர்ச்சி ஏன் நின்றது என்று தெரிந்திருக்காது. பண்டாரநாயக்க ஒக்ஸ்போர்டில் படித்தவர். 1926இல் யாழ்ப்பாணத்துக்கே வந்து, இந்த நாட்டுக்குச் சமஷ்டிதான் சரி என்று பேசியவர். அதே மனிதர் 1956இல் 24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும் என்று சொல்லி வாக்குக் கேட்டார். கிடைத்தது. சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த நம் தலைவர்களைக் காடையர் அடித்தார்கள். அடுத்த வருஷம் தந்தை செல்வாவோடு அவர் ஒப்பந்தம் எழுதியபோது, முன்பு அவரைத் தோளில் தூக்கிய பிக்குமாரே வீட்டு வாசலில் வந்து குந்தி அதைக் கிழிக்கவைத்தார்கள். 1959இல் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்கு. தான் எழுப்பிவிட்ட கூட்டத்தை இருத்த அவராலேயே முடியவில்லை.

அம்மப்பா சிங்களப் பரீட்சைக்கு இருக்கமாட்டேன் என்று நின்றார். சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. அப்போது கோடீஸ்வரன் என்ற இன்னொரு எழுதுவினைஞர் வழக்குப் போட்டார். சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்தின்மேல் மட்டும் சுமை ஏற்றும் சட்டத்தைப் பாராளுமன்றம் செய்யக்கூடாது என்பது அது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பத்திரிகைத் துண்டை அம்மப்பா தேவாரப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார், நான் கண்டிருக்கிறேன். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசுமேல் வழக்குப் போடவே முடியாது என்று தட்டிவிட்டது. லண்டன் கோமறைக் கழகம் 1969இல், இல்லை, போடலாம், மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதையும் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்வி இன்றுவரை விசாரிக்கப்படவில்லை. 1971இல் லண்டனுக்கு மேல்முறையீடு போகும் வழியை அடைத்தார்கள், 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

அம்மப்பா அதோடு உடைந்துபோனார். வாக்கைத் தோற்றதற்கு அவர் அழவில்லை. நாங்கள் தொகையில் குறைந்த சனம், எண்ணிக்கையில் எப்போதும் தோற்போம் என்று அவருக்குத் தெரியும். எண்ணிக்கையைப் பார்த்து "நில்" என்று சொல்ல ஒரு சின்னப் பிரிவு காகிதத்தில் இருந்ததே, அது போனதற்குத்தான் அழுதார். நான் உனக்குச் சொல்ல வந்ததும் இதுதான், அகிலன். பெருந்தொகையாய் இருக்கிறவனுக்கு வாக்கு மட்டுமே போதும். எங்களைப் போன்றவர்களுக்கு வாக்கோடு நீதிமன்றமும், பதவிக்கால வரம்பும், ஆணைக்குழுக்களும், பயமில்லாமல் எழுதும் பத்திரிகையும் வேண்டும். நீ பழைய காலத்துச் சாமான் என்று சொன்னவை எல்லாம் அவைதான். துணிந்த மனிதர் வந்ததும் முதலில் உடைப்பதும் அவற்றைத்தான். ஹங்கேரியில் விக்டர் ஓர்பான் 2010இல் மூன்றில் இரண்டு ஆசனத்தோடு வந்து, புது அரசியலமைப்பு எழுதி, நீதிபதிகளின் ஓய்வு வயதை எழுபதிலிருந்து 62க்குக் குறைத்து ஒரு தொகைப் பேரை வீட்டுக்கு அனுப்பினார் என்று வாசித்தபோது எனக்கு ஜே.ஆரின் முகம்தான் தெரிந்தது.

அடுத்து எழுதப்போவதை உன் நண்பர்கள் சிலர் விரும்பமாட்டார்கள். இருந்தாலும் எழுதவேண்டும். துணிந்த ஒருவர், ஒரே குரல் என்ற ஆசைக்கு எங்கள் பக்கமும் இடம் கொடுத்தது. புலிகளே எங்கள் ஏகப் பிரதிநிதிகள் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் வேறு கருத்துச் சொல்வது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்படி வேறு கருத்துச் சொன்ன ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டது 1989 செப்டெம்பரில், இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் சனங்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். என்னோடு படிப்பித்த ஒரு ஆசிரியை சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனா. நாங்கள் வாய் திறக்கவில்லை, ஊரில் யாருமே திறக்கவில்லை. அரசியலமைப்புக்குள்ளேயே எங்களுக்கு ஒரு பாதை வெட்டப் பார்த்த நீலன் திருச்செல்வத்தை 1999 யூலையில் கொழும்பில் வெடிகுண்டால் கொன்றார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கவேண்டாம் என்ற கட்டளையால் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. மகிந்த மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எங்கள் ஆள் என்றால் பரவாயில்லை என்று நினைக்காதே. எங்கள் ஆளிடமும் "நில்" என்று சொல்ல ஒருவர் இருக்கவேண்டும்.

நல்லதையும் சொல்லவேண்டும். 2018 ஒக்டோபர் 26 இரவு, அப்போதைய ஜனாதிபதி சிறிசேன திடீரென்று மகிந்தவைப் பிரதமராக்கி, பதினைந்து நாளில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். ஆனால் 2015இல் கொண்டுவந்த 19ஆவது திருத்தம் இருந்தது. நாலரை வருஷம் முடியுமுன் ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குக் கலைக்கமுடியாது என்று அதில் எழுதியிருந்தது. டிசெம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் கலைத்தது செல்லாது என்றார்கள். அந்த வழக்கின் பெயர் "சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்". இந்த நாட்டின் பாராளுமன்றத்தைக் காப்பாற்றிய தீர்ப்பில் திருகோணமலைத் தமிழர் ஒருவரின் பெயர் இருக்கிறது. ஐயா இந்த வருஷம் யூன் கடைசியில் காலமானார். எங்கள் இளசுகள் அவரைத் திட்டியதுதான் அதிகம். இந்த ஒன்றுக்காவது அவரை நன்றியோடு நினைக்கவேண்டும்.

அந்தத் தடுப்பையும் வைத்திருக்க விடவில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். பயந்துபோன சனம் ஒரு இராணுவக்காரரைத் தேடியது. கோட்டாபய 52 வீத வாக்கோடு வந்தார். அடுத்த வருஷமே 20ஆவது திருத்தம் வந்து 19ஐ விழுங்கியது. பிறகு அவருக்குக் குறுக்கே நிற்க யாரும் இல்லை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைப் புதைக்கக்கூடாது, எரிக்கவேண்டும் என்றார்கள். புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 20 நாள் பச்சைக் குழந்தையைக்கூட எரித்தார்கள். நீதிமன்றத்துக்குப் போன மனுக்களை விசாரணைக்கே எடுக்கவில்லை. 2021இல் ஒரே இரவில் யூரியா, இரசாயனப் பசளை எல்லாம் தடை. விவசாயப் பேராசிரியர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்கள். நீர்வேலித் தோட்டக்காரர்கள் வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரையும் கேட்காமல் ஒரே அடியாய்த் திருத்துகிறவர் வேண்டும் என்றாயே, இதோ இருந்தார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு கைவிரித்தது. நீ அனுப்பிய காசில்தான் மருந்து வாங்கினோம். அரிசியும் காஸும் இருந்தால்தானே காசுக்குப் பெறுமதி. பிரேக் இல்லாத பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவனுக்கும் கால் முறிந்தது. தெற்கு அதை அந்த வருஷம்தான் கண்டது.

அந்த மே 18 அன்று காலிமுகத்திடலில், 1956இல் எங்கள் தலைவர்களை அடித்த அதே புல்வெளியில், சிங்களப் பிள்ளைகள் நின்று முள்ளிவாய்க்கால் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உன் அம்மாவுக்கு உடனே எடுத்தேன். இரண்டு பேராலும் கதைக்க முடியவில்லை.

இப்போது நிலைமை என்ன என்று கேட்பாய். செப்டெம்பரில் அநுர 42 வீதத்தோடு வந்தார், இரண்டாம் சுற்று எண்ணவேண்டியிருந்தது. நவம்பரில் அவர்களுக்கு 225இல் 159 ஆசனம். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று. நானும் சந்தோசப்பட்டேன். நேர்மையாய் இருக்கப் பார்க்கிறார்கள். ஆனால் மூன்றில் இரண்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடிக்கிறது. நல்லவர் கையில் இருந்தாலும் அது 1977இன் ஆயுதம்தான். நிறைவேற்று ஜனாதிபதி முறையை எடுப்போம் என்றார்கள், எடுக்கட்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று வருஷத்துக்கு என்று வந்து 1982இல் நிரந்தரமானது, அதை நீக்கட்டும். வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, தேர்தல் வைக்கட்டும். இந்த மூன்றும் நடந்தால் நான் நம்புவேன். அதுவரை கைதட்டலை மடியில் வைத்திருக்கிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் தென்கொரியாவில் நடந்ததைப் பார்த்தாயா? ஜனாதிபதி இரவில் இராணுவச் சட்டம் என்று அறிவிக்க, எம்.பி.மார் மதிலேறிக் குதித்து உள்ளே போய், 190 பேர் கூடி விடியுமுன் அதை நீக்கவைத்தார்கள். வெளியே சனம் சிப்பாய்களை மறித்துக்கொண்டு நின்றது. 1980இல் குவாங்ஜுவில் இராணுவம் செய்ததை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உன் பிள்ளைகளுக்கு நீ என்ன சொல்லி வளர்க்கிறாய்?

கடைசியாக உன் அப்பாவைப் பற்றி. அவர் 1987இல் மொன்றியலில் போய் இறங்கியபோது கையில் சரியான கடதாசி ஒன்றும் இல்லை. அதற்கு முதல் வருஷம்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர் வந்த கோடையில் சீக்கியர்கள் கப்பலில் வந்து இறங்க, பாராளுமன்றத்தையே அவசரமாய்க் கூட்டினார்கள். இந்த ஆட்களைத் திருப்பி அனுப்பலாமா என்று அந்த மாதத்தில் விளக்கும் குடமும் வைத்துக் கேட்டிருந்தால் உன் அப்பா திரும்ப வந்திருப்பார். வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவரைக் காத்தது ஒரு தீர்ப்பு. 1985 ஏப்ரலில் கனடா உயர் நீதிமன்றம், சிங் என்பவரின் வழக்கில், அகதி என்று வந்தவனை முன்னால் இருத்தி அவன் வாயால் சொல்வதைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்றது. அந்த மண்ணில் நிற்கிற எவருக்கும் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்று எழுதியவர்களில் பேர்த்தா வில்சன் என்ற பெண் நீதியரசர் ஒருவர். அந்த உரிமைச் சாசனம் வந்தது 1982 ஏப்ரலில், நாங்கள் விளக்குக்கும் குடத்துக்கும் வரிசையில் நின்ற அதே வருஷம். நீ இன்று அங்கே வீடு, வேலை, பிள்ளைகள் என்று இருப்பது, சனங்கள் விரும்பாத ஒரு தீர்ப்பை நீதிபதிகள் எழுதியதாலும், அரசு அதற்குக் கட்டுப்பட்டதாலும்தான்.

அங்கேயும் அது கல்லில் வெட்டியது இல்லை. சாசனத்தின் 33ஆம் பிரிவைப் பிடித்து, நீதிமன்றம் தலையிடாதபடி சட்டம் செய்யலாம். கியூபெக்கில் 2019இல் அப்படிச் செய்துதான் முக்காடு போட்ட ஆசிரியைக்கு அரச பள்ளியில் புதிதாய் வேலை இல்லை என்றார்கள். அந்தச் சட்டத்துக்கு அங்கே நல்ல ஆதரவாம். உன் ஒன்ராறியோவில் 2022 நவம்பரில் பள்ளி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க அதே பிரிவை எடுத்தார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாய் எழும்ப, சில நாளில் பின்வாங்கினார்கள். உன் அம்மா அந்தக் கிழமை பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று புறுபுறுத்தா. நான் அந்த ஊழியர்களின் பக்கம்.

ஆகவே நான் கேட்பதைச் செய். அந்த வீடியோக்களை மற்றவர்களுக்கு அனுப்புவதை நிறுத்து, முதலில் பிள்ளைகளுக்குக் காட்டுவதை நிறுத்து. பள்ளிச் சபைக்கும் நகர சபைக்கும் நடக்கிற சின்னத் தேர்தல்களில் போய் வாக்குப் போடு; பெரிய தேர்தலுக்கு மட்டும் எழும்புகிற சனத்தைத்தான் பெரிய வாய்க்காரர்கள் பிடிக்கிறார்கள். ஒரு நல்ல பத்திரிகைக்குக் காசு கட்டி வாசி. அடுத்த முறை யாராவது மேடையில் நின்று, நீதிமன்றமும் பத்திரிகையும் சனங்களின் எதிரி என்று சொன்னால், அவர் உனக்கு எவ்வளவு பிடித்த கதையைச் சொன்னாலும் எழும்பி வெளியே போ.

இன்னொன்று. உன் அப்பாவுக்கு எழுபத்தைந்து ஆகிறது. அந்த விசாரணை அறையில் யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் அவரைக் கதைக்க விட்டார்கள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை என்று உன் அம்மா சொன்னா. இந்த விடுமுறை முடியுமுன் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு அவரிடம் கேள். கேட்டு, உன் கையாலேயே தமிழில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா